எண்ணிக்கை குறையாத கடன்

வட்டியைப் பற்றிய யூத மதச் சட்டங்களில் நான்கு அத்தியாயங்களை மட்டும் கற்றிருந்த நிலையில், ஹெஸ்கேல் தம் நண்பர் மெனாஷேக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்தார். ஐந்தாவது அத்தியாயத்தையும் கற்ற பிறகு அந்தப் பேச்சு நிகழ்ந்திருக்குமானால், மெனாஷேயின் மனைவி டெய்ஸி இன்று தெருவோரத்தில் நாற்காலி போட்டு அமர்ந்து, போகிற வருகிறவர்களை வம்புக்கிழுத்துக்கொண்டிருப்பாள்.

ஜெருசலேமில் சந்தைக்குப் பின்னால் உள்ள சந்தில் ஹெஸ்கேலுக்குச் சொந்தமாக ஒரு பேக்கரி இருந்தது. எள் தூவிய காக் எனும் ரொட்டி வளையங்களும் பேரீச்சம்பழம் பொதிந்த பிஸ்கட்டுகளும் அங்கே தயாராகும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்காம் ஆண்டில், புளித்த மாவு கூடாத பாஸ்கா பண்டிகைக்காக எட்டு நாட்கள் அணைத்து வைத்திருந்த அடுப்பைப் பண்டிகை முடிந்த மறுநாள் மூட்டியபோது, அதன் உட்சுவர் மேலிருந்து கீழ்வரை பிளந்துகொண்டது. பழுது பார்க்க வந்தவன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தன் கருவிகளைப் பைக்குள் திரும்ப வைத்தான். புதிய அடுப்புக்கு எட்டு லட்சம் ஷெக்கல் தேவைப்பட்டது. ஹெஸ்கேலிடம் எண்பதாயிரம்கூட இல்லை.

அவர் யாரிடமும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் மாலை மெனாஷே தாமாகவே வந்தார். மேசை விரிப்பில் சுற்றிய ஒரு பெரிய பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்தபடி வந்து, மாவு படிந்த பலகையின்மேல் அதை இறக்கினார். உள்ளே ஆயிரம் ஷெக்கல் தாள்கள், கட்டுக் கட்டாக ரப்பர் போட்டு அடுக்கப்பட்டிருந்தன.

"எண்ணிக்கோ," என்றார் மெனாஷே.

"எதுக்குடா எண்ணணும்? நீ மூணு தரம் எண்ணாமலா கொண்டு வந்திருப்ப?"

"நாலு தரம். அஞ்சாவது தரம் டெய்ஸி எண்ணினா. அவ கணக்குல ஒரு தாள் கூட வந்துச்சு. மறுபடி எண்ணினோம்."

பாக்தாத்திலிருந்து வந்து இறங்கிய காலத்தில் இருவரும் அகதி முகாமின் ஒரே கூடாரத்தில் வாழ்ந்தவர்கள். மெனாஷே காற்சட்டை தைப்பவர். எதிர்க் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், வீட்டின் முன்னறையிலேயே அவருடைய தையல் இயந்திரமும் இஸ்திரி மேசையும் இருந்தன. பிள்ளைகள் இல்லை. டெய்ஸிக்கு முழங்கால்கள் இரண்டும் தேய்ந்துபோயிருந்தன. அறுபத்தாறு படிகள், மின்தூக்கி கிடையாது. அவள் தெருவில் கால் வைத்து ஓராண்டு ஆகியிருந்தது.

அந்தப் பணம் எதற்குச் சேர்த்தது என்பதை ஹெஸ்கேல் அறிவார். அதே கட்டடத்தின் தரைத்தள வீட்டில் இருந்த ஹபீபா அம்மாள், ஹைஃபாவில் இருக்கும் மகனிடம் போய்விடப்போவதாகவும், தம் வீட்டை மெனாஷேக்கே தருவதாகவும் வாக்களித்திருந்தார். மாடி வீட்டை விற்று, மேற்கொண்டு இந்தப் பணத்தையும் கொடுத்தால் தரைத்தள வீடு அவர்களுடையது. ஆனால் ஹபீபா அம்மாள் கிளம்புவது அடுத்த ஆண்டு பாஸ்காவுக்குப் பிறகுதான்.

"அதுவரைக்கும் பாங்குலதானே கெடக்கும்," என்றார் மெனாஷே. "சேமிப்புத் திட்டம் போன வாரம் முடிஞ்சிருச்சு. திருப்பிப் போடறதுக்குப் பதிலா உன் அடுப்புல போடறேன். அடுத்த பாஸ்காவுக்கு முன்னாடி குடுத்துரு, போதும்."

ஹெஸ்கேலின் மனைவி நயீமா தலைத்துணியின் நுனியால் கண்ணைத் துடைத்துவிட்டு, தேநீர் வைக்க உள்ளே போனாள். மெனாஷே போகாமல் நின்றார். பலகையிலிருந்த மாவில் விரலால் கோடு கிழித்தார்.

"ஒண்ணு கேக்கலாமா ஹெஸ்கேல்? பாங்குக்காரன் சொன்னான். இன்னைக்குத் தேதிக்கு இது ஐயாயிரம் டாலராம். டாலர் கணக்குல எழுதிக்கிட்டா அடுத்த வருஷமும் அதே ஐயாயிரம்தான். எனக்கு லாபம் ஒண்ணும் வேணாம். விலைவாசி ஏறிக்கிட்டே போகுதே, அதனால கேக்கறேன்."

ஹெஸ்கேல் ஐம்பத்திரண்டு வயதுவரை சட்டப் புத்தகத்தின் பக்கம் போகாதவர். சென்ற குளிர்காலத்தில்தான் ஜெப ஆலயத்தில் ஹாகாம், அதாவது மதகுரு, நடத்திய மாலை வகுப்பில் சேர்ந்திருந்தார். புதிதாகக் கற்றவருக்கு உரிய பெருமிதத்தோடு அவர் நிமிர்ந்தார்.

"மெனாஷே, நீ என்ன கேக்கறன்னு உனக்கே தெரியல. அது வட்டி. ஷெக்கலா குடுத்தா ஷெக்கலாத்தான் வாங்கணும். எட்டு லட்சத்துக்கு எட்டு லட்சம். ஒரு காசு கூடினாலும் குடுத்தவனும் பாவி, வாங்கினவனும் பாவி. எழுதினவன், சாட்சி நின்னவன்கூடத் தப்ப முடியாது. நம்ம ரெண்டு பேரும் நரகத்துக்குப் போறதுக்கா இந்த அடுப்பு?"

தேநீர்த் தட்டோடு வந்த நயீமா வாசற்படியில் நின்றாள். "ஹாகாம்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டா என்ன, யாகூப் அப்பா?"

"நாலு மாசமா நான் வகுப்புக்கு எதுக்குப் போறேன்?"

"டீ குடிக்கத்தான்னு நெனச்சேன்."

மெனாஷே சிரிக்கவில்லை. அவர் காதுமடல்கள் சிவந்திருந்தன. தகாத ஒன்றைக் கேட்டுவிட்டவரைப் போல, கிழித்த கோட்டை உள்ளங்கையால் அழித்தார். "தெரியாம கேட்டுட்டேன். மறந்துரு," என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடிக்காமலே வெளியேறினார்.

அந்த ஆண்டில் நாட்டில் நடந்ததை எல்லோரும் அறிவர். காலையில் ஒட்டிய விலைச்சீட்டை மாலையில் கிழித்தார்கள். தொலைபேசி டோக்கன்களை மக்கள் தங்கக்காசுபோல் வாங்கிப் பதுக்கினார்கள். பணம் கரைந்தாலும் ஒரு டோக்கனுக்கு எப்போதும் ஒரு அழைப்பு உண்டு. வீட்டு வாடகையையும் பல் மருத்துவரின் கட்டணத்தையும் டாலரிலேயே பேசினார்கள். கோடையில் ஐயாயிரம் ஷெக்கல் தாள் வந்தது. குளிர்காலத் தொடக்கத்தில் பத்தாயிரம் ஷெக்கல் தாள் வந்தது.

புதிய அடுப்போ ஒருநாளும் ஓயவில்லை. பழைய அடுப்பு நான்கு தட்டு எடுக்கும் நேரத்தில் இது பதினொன்று எடுத்தது. ஹெஸ்கேல் வாரந்தோறும் காக்கின் விலையை ஏற்றினார், எல்லோரும் ஏற்றினார்கள். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை ஏழைகளுக்கென ஒதுக்கி வைப்பது அவர் தந்தை காலத்திலிருந்து வந்த வழக்கம். அதை அவ்வப்போது டாலராக மாற்றி ஒரு தகரப் பெட்டியில் போட்டுவந்தார். அந்தப் பெட்டி ஓராண்டிற்குள் இரண்டாயிரம் டாலரைத் தாண்டியது. ஒருநாள் அடுப்பு விற்ற வியாபாரி வந்து முதுகில் தட்டி, "நல்ல நேரத்துல வாங்கின, ஹெஸ்கேல். இப்ப இதே அடுப்பு நாப்பது லட்சம்," என்றான். அன்று மாலை முழுவதும் அடுப்பின் இரைச்சல் ஹெஸ்கேலுக்குப் பொறுக்க முடியாததாக இருந்தது.

வகுப்பை நடத்தியவர் ஹாகாம் சியோன். மெலிந்த மனிதர், வலிந்து பேசமாட்டார். சென்ற ஆண்டு நான்காவது அத்தியாயம் முடிந்தபோது பாஸ்கா நெருங்கியதால், வட்டிப் புத்தகத்தை மூடிவிட்டுப் பண்டிகைச் சட்டங்களுக்குப் போயிருந்தார். பிறகு ஓய்வுநாள் சட்டங்கள், அதன் பிறகு உணவுச் சட்டங்கள். மீண்டும் வட்டிக்குத் திரும்பியபோது அடுத்த குளிர்காலமே முடியும் தறுவாயில் இருந்தது. ஐந்தாவது அத்தியாயம் பத்து பக்கங்கள்தான். ஒருவர் பணத்தைக் கடனாகக் கொடுக்காமல் தொழிலில் பங்காகக் கொடுக்கலாம், அதற்கு ஒரு பத்திரம் உண்டு, அப்படிக் கொடுத்தால் தொழிலின் ஏற்றத்தில் அவருக்கும் உரிமை உண்டு, அது வட்டியாகாது. ஹாகாம் அந்தப் பத்திரத்தின் படிவத்தை உயர்த்திக் காட்டினார். ஒற்றைத் தாள். பாதிப் பக்கம்தான் எழுத்து.

எல்லோரும் எழுந்து போன பிறகும் ஹெஸ்கேல் பெஞ்சிலேயே இருந்தார்.

"ஹாகாம், ஏற்கெனவே குடுத்த கடனுக்கு இதை எழுதலாமா?"

"இன்னைலேர்ந்து எழுதலாம். எப்ப குடுத்தது?"

"பத்து மாசமாச்சு."

"போன பத்து மாசத்துக்கு எழுத முடியாது. அது கடனாவே போயிருச்சு." ஹாகாம் கண்ணாடியைக் கழற்றினார். "யார்கிட்ட வாங்கின?"

ஹெஸ்கேல் எல்லாவற்றையும் சொன்னார். மெனாஷே டாலர் கணக்கில் எழுதக் கேட்டதையும் தாம் அதட்டி அடக்கியதையும் மறைக்காமல் சொன்னார்.

"நீ சொன்ன சட்டம் தப்பில்ல," என்றார் ஹாகாம். "அவன் கேட்ட மாதிரி எழுதியிருந்தா அது வட்டிதான். ஆனா அன்னைக்கே என்கிட்ட வந்திருந்தா கால் மணி நேர வேலை."

"இப்ப நானா மேல போட்டுக் குடுக்கறேன். அவன் கேக்கல. நானா குடுக்கறேன்."

"எதுக்காகக் குடுப்ப? அவன் பணம் உன்கிட்ட இருந்ததுக்காகத்தானே? அதுவும் வட்டிதான். கடனுக்கு முன்னாடி குடுத்தாலும் வட்டி, கடனை அடைச்ச பின்னாடி குடுத்தாலும் வட்டி."

"என் பின்கட்டு அறை தரையிலதான் இருக்கு. வாடகையில்லாம இருந்துக்கட்டுமே."

"கடன் வாங்கினவன் வீட்டுல குடுத்தவன் சும்மா குடியிருக்கக் கூடாது. பெரியவங்க இதைக் குறிப்பாவே எழுதி வச்சிருக்காங்க."

"அப்ப நான் ஒண்ணுமே செய்ய முடியாதா?"

ஹாகாம் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு, "அவன் கஷ்டத்துல இருக்கானா?" என்று கேட்டார். "இருந்தா, கஷ்டப்படறவனுக்கு யார் வேணும்னாலும் குடுக்கலாம். அது தர்மம். உன் பத்துல ஒரு பங்கு இருக்கு. ஜெப ஆலயத்து நிதி இருக்கு. நானே பத்து வீட்டு வாசல்ல போய் நிப்பேன். ஆனா நாமளா நெனச்சுக்கிட்டுக் குடுத்தா, கடனுக்குக் கைம்மாறுதான் வேற பேர்ல போகும். எனக்கு வேணும்னு அவன் வாயால வரணும். வந்தா மிச்சத்த என்கிட்ட விடு."

ஹெஸ்கேல் தவணைவரை காத்திருக்கவில்லை. ஒரு நாள் தாமதித்தாலும் மெனாஷேயின் பணம் இன்னும் கொஞ்சம் தேயும் என்பதால், மூன்றே நாட்களில் எட்டு லட்சத்தைத் திரட்டினார். எல்லாம் பத்தாயிரம் ஷெக்கல் தாள்கள், மொத்தம் எண்பது. பழுப்பு நிற உறை ஒன்றில் போட்டபோது, உறை பாதிகூட நிரம்பவில்லை. அதை உள்பையில் வைத்துக்கொண்டு அறுபத்தாறு படிகளையும் ஏறினார்.

மெனாஷே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். டெய்ஸி சன்னலோரம் அமர்ந்து, கழன்ற பொத்தான்களைத் தைக்க ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணே. படியேறி வர்ற ஒரே ஆம்பளை நீங்கதான். மத்தவங்கல்லாம் கீழ இருந்தே பேண்டைத் தூக்கி எறியறாங்க," என்றாள்.

ஹெஸ்கேல் உறையை நீட்டினார். மெனாஷே இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, அதை வாங்கி உள்ளங்கையில் ஏந்தினார்.

"போன வருஷம் இதைத் தூக்கிட்டு வந்ததுல முதுகு பிடிச்சுக்கிச்சு," என்றார். "பரவாயில்ல, இப்ப முதுகுக்கு நல்லது."

"எண்ணிக்கோடா."

மெனாஷே எண்ணினார். எண்பது. உறையில் திரும்ப வைத்து, அளவுநாடாக்கள் கிடந்த இழுப்பறையில் போட்டார். "சரியா இருக்கு. தவணைக்கு முன்னாடியே குடுத்துட்ட. கடவுள் உன் அடுப்புக்கு ஆயுசு குடுக்கட்டும்."

அந்தத் தாள்களுக்கு இன்று ஆயிரத்துச் சொச்சம் டாலர்தான் தேறும் என்பது அறையில் இருந்த மூவருக்கும் தெரியும்.

"ஹபீபா அம்மா என்ன சொல்றாங்க?" என்று ஹெஸ்கேல் கேட்டார்.

"அவங்க என்ன சொல்வாங்க? நல்லவங்க. பாஸ்கா வரைக்கும் காத்திருக்கேன்னாங்க."

"மெனாஷே." ஹெஸ்கேல் இஸ்திரி மேசையருகே வந்தார். "உனக்கு ஏதாவது தேவை இருந்தா சொல்லணும்."

"என்ன தேவை?"

"எதுவா இருந்தாலும். நீ சொன்னாப் போதும். ஹாகாம்கிட்ட பேசிட்டேன். ஜெப ஆலயத்துல நிதி இருக்கு. எங்கிட்டயும் ஒதுக்கி வச்சது இருக்கு. ஒரே ஒரு வார்த்தை. எனக்குக் கஷ்டமா இருக்குன்னு நீ சொன்னாப் போதும்டா."

மெனாஷே இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தார். காற்சட்டையின் மடிப்பைக் கூர்மையாக்கியபடி மெதுவாகக் கேட்டார்:

"அதுக்கு என்ன பேரு, ஹெஸ்கேல்? நீதான் படிச்சவனாச்சே."

ஹெஸ்கேலின் பார்வை இழுப்பறைக்குப் போனது. மெனாஷேயே தொடர்ந்தார்:

"தர்மம். அதானே? முப்பது வருஷமா இந்தத் தெருவுக்கு நான் பேண்ட் தைக்கறேன். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை அந்த நிதிப்பெட்டியில நானும் காசு போடறேன். இனி அதுலருந்து நான் எடுக்கணுமா?"

"எத்தனையோ பேர் எடுத்திருக்காங்க. அதுல என்ன கேவலம்?"

"கேவலமில்ல. அவங்க ஒண்ணும் இல்லாம எடுத்தாங்க. நான் அப்படி இல்ல. நீ கடன் வாங்கினப்போ தலை குனியலயே? குனிய விட்டிருப்பேனா நான்? அதனாலதான் நீ கேக்கறதுக்கு முன்னாடியே கொண்டு வந்தேன். குடுத்த நான் குனியணும்னு சொல்றியா?"

நூலும் ஊசியும் டெய்ஸியின் மடியில் கிடந்தன. அவள் உள்ளங்கைகளால் முழங்கால்களை அழுத்திப் பிடித்தபடி, "அண்ணே," என்று தொடங்கினாள். "நான் சொல்றேன். எங்களுக்கு..."

"டெய்ஸி," என்றார் மெனாஷே.

அவர் குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் அவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள். கீழே விழுந்திருந்த ஒரு பொத்தானைக் காலால் தன் பக்கம் இழுக்க முயன்றாள். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. ஹெஸ்கேல் குனிந்து அதை எடுத்துக் கொடுத்தார்.

பாஸ்கா முடிந்து பத்து நாட்களுக்குப் பிறகு ஹபீபா அம்மாள் தம் வீட்டை ஒரு பல் மருத்துவருக்கு விற்றார். மெனாஷேயே நேரில் போய், தமக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். புதிய குடும்பத்தின் சாமான்கள் லாரியில் வந்து இறங்கின. அவர்கள் சன்னலுக்கு நீல வண்ணம் அடித்தார்கள். வாசலில் ஒரு குழந்தையின் மூன்று சக்கர வண்டி நின்றது. ஹெஸ்கேல் பேக்கரியிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்காமலிருக்க அவரால் முடியவில்லை. எதிரே அதைத் தவிர வேறு கட்டடம் இல்லை.

கோடை தொடங்கிய பிறகு ஒரு பிற்பகலில் அவர் மீண்டும் அந்தப் படிகளை ஏறினார். கையில் எதையும் எடுத்துச் செல்லவில்லை. பேரீச்சம்பழ பிஸ்கட் ஒரு தட்டு எடுத்துவைத்துவிட்டு, கடன் வாங்குவதற்கு முன் அப்படிக் கொடுத்த வழக்கம் இல்லையே, இப்போது கொடுத்தால் அதுவும் வட்டியாகிவிடுமே என்ற எண்ணம் வந்ததும் அதைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டார். நயீமா அதைப் பார்த்தாள். "உங்க படிப்பு என்னைக்குத்தான் முடியும்?" என்று மட்டும் கேட்டாள்.

மெனாஷே தையல் இயந்திரத்தில் குனிந்திருந்தார். தலையை மட்டும் ஆட்டினார். இப்போது முன்பைவிட அதிக வேலை எடுத்துக்கொள்கிறார் என்பது நாற்காலிகளில் குவிந்திருந்த துணிகளைப் பார்த்தாலே தெரிந்தது. டெய்ஸி கட்டிலில் சாய்ந்திருந்தாள். சன்னலுக்குப் போவதைக்கூட விட்டுவிட்டாள் போலும்.

"கீழ என்ன நடக்குதுண்ணே?" என்றாள். "இவர் போய்ட்டு வந்தா ஒண்ணும் சொல்றதில்ல. சந்தை இருக்குங்கறார், வெயில் அடிக்குதுங்கறார்."

கடன் கொடுத்தவர் வீட்டுக்கு ஊர்ச் செய்தியைக் கொண்டுபோய்ச் சொல்வதில்கூட வட்டியின் வாடை உண்டு என்று ஆறாவது அத்தியாயத்தில் இருந்தது. ஹெஸ்கேல் அதைப் படித்திருந்தார். படித்தும் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்லத் தொடங்கினார். மீன்காரன் ஷாலோமும் கோழிக்காரனும் ஒரு தண்ணீர்க் குழாய்க்காக மூன்று நாட்களாகப் பேசிக்கொள்ளாததைச் சொன்னார். மூலைவீட்டு மல்பெரி மரம் காய்த்து, நடைபாதையெல்லாம் கறையாகிவிட்டதைச் சொன்னார். சந்தின் முனையில் நகராட்சி புதிதாக ஒரு பெஞ்சு போட்டிருப்பதையும், மாலை ஐந்து மணிக்கு மேல் அதில் நிழல் விழும் என்பதையும், பெண்கள் அங்கே சூரியகாந்தி விதை கொறித்தபடி இருட்டும்வரை பேசிக்கொண்டிருப்பார்கள் என்பதையும் சொன்னார். தையல் இயந்திரம் நின்றிருந்தது. மெனாஷே திரும்பிப் பார்க்கவில்லை; ஆனால் மிதிக்கவும் இல்லை.

"அந்த பெஞ்சு எவ்வளவு தூரம்?" என்று டெய்ஸி கேட்டாள். "ஹபீபா அம்மா வீட்டு வாசல்லேர்ந்து."

ஹெஸ்கேல் மனத்துக்குள் அளந்தார். "இருபது தப்படி இருக்கும்மா. இருபத்தஞ்சு."

"இருபத்தஞ்சு தப்படி என்னால நடக்க முடியும்," என்றாள் அவள். கணக்கைச் சரிபார்ப்பவளைப் போல அதை ஒருமுறை தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். "போதும்ணே. இனிமே வந்தா இதெல்லாம் சொல்லாதீங்க. கேட்டா எறங்கணும்போல இருக்கு."

இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது. ஹெஸ்கேல் நாற்காலியை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு, சத்தம் எழாமல் கதவைச் சாத்திக்கொண்டு கீழே இறங்கினார். பேக்கரி வாசலில் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். நயீமா பலகையையும் சாக்கட்டியையும் நீட்டி, "மாவு விலை மறுபடி ஏறிப்போச்சு. காக் என்ன விலை எழுதட்டும்?" என்று கேட்டாள். அவர் சாக்கட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு, எதையும் எழுதாமல் நின்றார்.